கேள்வி–பதில்: பத்துமலைக்குப் போகும் ரயில்

போன இதழில் ஒரு வாசகர், தைப்பூசத்துக்கு முந்தின நாள் கோலாலம்பூருக்கு வடக்கே இருக்கும் பத்துமலை முருகன் கோயிலுக்குக் காரில் கிளம்பி, ஜாலான் ஈப்போ நெரிசலில் மாட்டிக்கொண்டு, பாதியிலேயே வீடு திரும்பியதாக எழுதியிருந்தார். "கொமுட்டரில் (புறநகர் மின்சார ரயிலில்) போங்கள், கோயில் வாசலிலேயே இறங்கலாம்" என்று அவருக்கு ஒரே வரியில் பதில் சொல்லியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கேள்விகள்தான் இந்த இதழ் முழுக்க. ஒரே விஷயத்தைக் கேட்டவர்களை ஒன்றாகச் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறேன்.

பத்துமலை ரயில் 2010-ல்தான் வந்தது என்கிறான் என் மகன். சின்ன வயதில் தைப்பூசத்துக்கு ரயிலில்தான் போனோம் என்கிறார் என் அப்பா. யார் சொல்வது சரி?
— செந்தூல் வாசகர்

இரண்டு பேர் சொல்வதும் சரி. அப்பா சொல்வது பழைய ரயில், மகன் சொல்வது இப்போது ஓடும் மின்சார ரயில்.

பத்துமலைக்குத் தண்டவாளம் போட்டது இன்று நேற்றல்ல, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே போட்டுவிட்டார்கள். கோலாலம்பூரிலிருந்து வடக்கே போகும் பெரிய பாதையிலிருந்து பிரிந்து, செந்தூல் வழியாக மலையடிவாரம்வரை போய் அங்கேயே முடிந்துவிடும் ஒரு கிளைப்பாதை அது. நீராவி இன்ஜின் காலத்திலும் அதற்குப் பின்னால் டீசல் காலத்திலும் தைப்பூசம் வந்தால் பக்தர்களுக்கென்று அந்தக் கிளைப்பாதையில் சிறப்பு வண்டி விடுவார்கள். போருக்கு முன்பே இந்த வழக்கம் இருந்தது. உங்கள் அப்பா ஏறியது அந்த மாதிரி வண்டியாகத்தான் இருக்க வேண்டும். மற்ற நாட்களில் அந்தப் பாதையில் சரக்கு வண்டிகளைத்தான் பார்க்க முடியும்.

1995-ல் கொமுட்டர் மின்சார ரயில் வந்தது, ஆனால் மின்கம்பி செந்தூலோடு நின்றுவிட்டது. அதனால் சுமார் 15 வருடம் செந்தூல்தான் கடைசி ஸ்டேஷன். அதற்கு அப்பால் மலைவரை ஒற்றைத் தண்டவாளம் புல் மண்டிக் கிடந்ததை உங்கள் வட்டாரத்துக்காரர்கள் எல்லாருமே பார்த்திருப்பார்கள். அப்புறம்தான் அந்த ஏழரை கிலோமீட்டரை இரட்டைப் பாதையாக்கி, மேலே மின்கம்பி இழுத்து, பத்து கெண்டோன்மென், கம்போங் பத்து, தாமான் வாஹ்யூ, பத்துமலை என்று நான்கு நிலையங்களைக் கட்டி 2010 ஜூலையில் திறந்தார்கள். பாதை பழையது, ஸ்டேஷன் புதியது. மகனிடம் இதைச் சொல்லுங்கள். அப்படியே அப்பாவை உட்கார வைத்து, அந்தக் காலத்து ரயில் பயணத்தை அவர் வாயாலேயே போனில் பதிவு செய்யவும் சொல்லுங்கள். அந்தச் சிறப்பு வண்டிகளில் யார் யார் ஏறினார்கள், என்ன சாப்பாடு கட்டிக்கொண்டு போனார்கள், இறங்கிய பிறகு எந்த வழியாக நடந்தார்கள் என்பதெல்லாம் அரசாங்கக் கோப்பில் கிடைக்காது.

கோயிலுக்காகத்தான் வெள்ளைக்காரன் பாதை போட்டானா?
— ரவாங் வாசகி

இல்லை. கல்லுக்காகப் போட்டான்.

பத்துமலை முழுக்கச் சுண்ணாம்புக்கல். கோலாலம்பூர் வேகமாக வளர்ந்த காலம் அது. ஈயம் கொழித்தது, புதிய சாலைகள் வந்தன, பலகைச் சுவரும் அத்தாப்பு ஓலைக் கூரையும் இருந்த இடத்தில் செங்கல் கட்டடங்கள் எழும்பின. இத்தனைக்கும் கல் வேண்டும், சுண்ணாம்பு வேண்டும். மாட்டு வண்டியில் எவ்வளவுதான் ஏற்றுவது? மலையடிவாரத்துக்குத் தண்டவாளம் போட்டால் உடைக்கிற இடத்திலேயே ஏற்றி நகரத்தில் இறக்கிவிடலாம், அவ்வளவுதான் கணக்கு. கல் உடைத்தவர்களிலும் பாதை போட்டவர்களிலும் நம் ஆட்கள் எத்தனை பேர் என்பதை உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆனால் ரயிலுக்கு முன்பே முருகன் அங்கே வந்துவிட்டான். 1878-ல் ஹோர்னடே என்ற அமெரிக்க இயற்கை ஆய்வாளர் குகையைப் பற்றி எழுதியதால் வெளியுலகத்துக்கு அது தெரியவந்தது. 1891 வாக்கில் தம்புசாமிப் பிள்ளை அங்கே முருகனுக்குச் சன்னதி எழுப்பினார். கோலாலம்பூர் மகா மாரியம்மன் கோயிலை நிறுவியவரும் அவர்தான். குகை வாசல் வேல் வடிவத்தில் இருந்ததைக் கண்டுதான் அவருக்கு அந்த எண்ணம் வந்தது என்று சொல்வார்கள். 1892 முதல் தைப்பூசம் நடக்கிறது. அப்போது போனவர்கள் காட்டு வழியில் நடந்தும் மாட்டு வண்டியிலும்தான் போயிருக்க வேண்டும். மரப்படி வந்ததே 1920-ல். இப்போது நாம் ஏறும் 272 சிமெண்டுப் படி அதற்கும் பிறகு, 1940-ல் வந்தது.

எனக்கு இதில் மனசைத் தொடுவது ஒன்றுதான். கல் ஏற்றப் போட்ட பாதையை நம் மக்கள் சாமி கும்பிடப் போகிற பாதையாக மாற்றிக்கொண்டார்கள். கூட்டம் வருகிறது, வண்டி விடுங்கள் என்கிற நிலையை ஏற்படுத்தியது அவர்களுடைய கால்கள்தான். கல் உடைப்பு பின்னாளில் நின்றுபோனது, கூட்டம் மட்டும் வருடா வருடம் பெருகி, இன்று தைப்பூசத்துக்குப் பத்து லட்சத்துக்கும் மேல் என்று சொல்கிற அளவுக்கு வந்து நிற்கிறது. இந்தக் கிளைப்பாதை இன்னும் உயிரோடு இருப்பதற்கு அந்தக் கூட்டத்தைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை. கோலாலம்பூரைச் சுற்றியிருந்த மற்றக் கிளைப்பாதைகளைப் பாருங்கள். அம்பாங்குக்குப் போன பழைய ரயில் பாதை 1996-ல் எல்ஆர்டி என்ற நகர ரயிலுக்குப் போய்விட்டது, நிலக்கரி ஏற்றிய பத்து ஆராங் பாதையோ இருந்த இடமே தெரியவில்லை.

செந்தூல் ஒர்க்‌ஷாப் பற்றி எழுதுங்கள். என் தாத்தா அங்கே பாய்லர் பிரிவில் வேலை செய்தவர். இப்போது அங்கே போனால் பூங்காவும் அடுக்குமாடியும்தான் இருக்கின்றன.
— கெப்போங் வாசகர்

பத்துமலை ரயிலைப் பற்றிப் பேசிவிட்டுச் செந்தூலை விட்டால் கதை பாதிதான்.

1900-களின் தொடக்கத்தில், மலாய் மாநிலங்களின் ரயில்வே ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்த சமயத்தில், அதன் மத்தியப் பட்டறையைச் செந்தூலில் கட்டினார்கள். இன்ஜினைப் பிரித்துப் போட்டுப் பூட்டுவது, பெட்டிகள் கட்டுவது, வார்ப்படம், கொல்லுப்பட்டறை, தச்சு, பெயின்ட் என்று எல்லாமே ஒரே வளாகத்துக்குள் நடக்கும். ஆயிரக்கணக்கானோர் வேலை செய்த இடம். காலையில் சங்கு ஊதினால் ஊரே எழுந்துவிடும் என்று பழைய செந்தூல்காரர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். ரயில்வே குவாட்டர்ஸ் வரிசை வரிசையாக நிற்கும். அதைச் சுற்றிக் கோயில், சூசையப்பர் ஆலயம், தமிழ்ப்பள்ளி, மளிகைக் கடை, பந்துத் திடல். செந்தூல் தமிழர் ஊரானதற்குப் பட்டறைதான் காரணம். பிரிக்பீல்ட்ஸிலும் இதே மாதிரிதான், ஆனால் அங்கே ஸ்டேஷன் மாஸ்டர், கிராணி வேலைக்கு வந்த யாழ்ப்பாணத்துக்காரர்கள் அதிகம். செந்தூலில் கையில் கரியும் கிரீஸும் படிகிற வேலைக்காரர்கள் அதிகம்.

போரின்போது ஜப்பான்காரன் கையில் பட்டறை இருந்ததால், 1945 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் நேச நாட்டு பி-29 விமானங்கள் அங்கே குண்டு போட்டுப் பெரும் பகுதியை அழித்துவிட்டன. அந்தக் குண்டு வீச்சைப் பற்றி உங்கள் தாத்தா ஏதாவது சொல்லியிருந்தால் அவசியம் எழுதி அனுப்புங்கள். போர் முடிந்ததும் திரும்பக் கட்டி, நீராவி போய் டீசல் வந்த பிறகும் பல வருடம் ஓட்டினார்கள். பிறகு பராமரிப்பு வேலையெல்லாம் பேராக்கில் பத்து காஜாவுக்குப் போய்விட்டது. ரயில்வேக்குச் சொந்தமாக இருந்த நிலத்தில் ஒரு பகுதி பூங்காவானது. பழைய ரயில்வே கட்டடம் ஒன்று 2005-ல் நாடக அரங்கமாகத் திறக்கப்பட்டது. அந்த அரங்கத்துக்குப் போனால் பழைய செங்கல் சுவரை அப்படியே விட்டு வைத்திருப்பதைப் பார்க்கலாம். அந்தச் சுவரில் கையை வைத்துப் பார்த்துவிட்டு வாருங்கள், தாத்தா அந்தப் பக்கமாக நடந்திருப்பார்.

இடிக்காமல் விட்டதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அந்தச் சுவருக்குள் உழைத்தவர்களின் பெயரும் படமும் கருவிகளும் ஓர் இடத்தில் இருக்க வேண்டும். செந்தூல் தமிழர் வீடுகளில் தாத்தாவின் ரயில்வே பேட்ஜ், நீண்ட கால சேவைக்குக் கொடுத்த கடிகாரம், பட்டறை வாசலில் வரிசையாக நின்று எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் என்று ஏதாவது ஒன்று நிச்சயம் இருக்கும். வீடு மாறும்போது தூக்கிப் போடாதீர்கள். படத்தின் பின்பக்கம் பென்சிலால் பெயர்களை எழுதி வையுங்கள், இன்னும் அடையாளம் சொல்லக்கூடியவர்கள் உயிரோடு இருக்கும்போதே.

கிள்ளானிலிருந்து முன்பெல்லாம் ஒரே வண்டியில் பத்துமலைக்குப் போவோம். இப்போது ஏன் முடியவில்லை?
— கிள்ளான் வாசகியும், ஷா ஆலாமிலிருந்து இன்னொருவரும்

தடம் மாற்றிவிட்டார்கள். 2010-ல் பத்துமலை ஸ்டேஷன் திறந்தபோது வண்டி பத்துமலையில் கிளம்பி போர்ட் கிள்ளானில் முடியும். இன்னொரு தடம் ரவாங்கிலிருந்து சிரம்பான் போகும். பிறகு இரண்டையும் குறுக்கே மாற்றிக் கோர்த்தார்கள். இப்போது பத்துமலை வண்டி சிரம்பான் வழியாக மலாக்கா எல்லையில் இருக்கும் பூலாவ் செபாங்வரை போகிறது, தஞ்சோங் மாலிம் வண்டி போர்ட் கிள்ளானுக்கு வருகிறது. ஆக, கிள்ளான்காரர்கள் கேஎல் சென்ட்ரலில் இறங்கி மாற வேண்டும். புத்ராவரை இரண்டு தடமும் ஒன்றாகப் போவதால் கோலாலம்பூர், பேங்க் நெகாரா, புத்ரா என்று எதில் வேண்டுமானாலும் மாறலாம். வயதானவர்களோடு வந்தால் கேஎல் சென்ட்ரலிலேயே மாறிவிடுங்கள். உட்கார இடம், கழிவறை, சாப்பாட்டுக் கடை எல்லாம் அங்கேதான் வசதி.

இதனால் லாபமடைந்தவர்கள் சிரம்பான், நீலாய், காஜாங் மக்கள். ரெம்பாவிலிருந்து ஒரு குடும்பம் ஏறினால் பத்துமலைவரை இறங்காமலே வரலாம். அவர்களுக்கு இது பெரிய உதவி, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கிள்ளான், போர்ட் கிள்ளான் பக்கம் எவ்வளவு தமிழர்கள் இருக்கிறார்கள்! ஞாயிற்றுக்கிழமைகளிலும் கிருத்திகை நாட்களிலுமாவது ஒரு நேர் வண்டி விட்டால் என்ன என்று எனக்குத் தோன்றுகிறது. புதிதாகத் தண்டவாளம் போட வேண்டியதில்லை, இருக்கிற பாதையில்தான் அந்த வண்டி முன்பு ஓடியது. கேட்கிறவர்கள் சேர்ந்து எழுத்தில் கேளுங்கள். கோயில் நிர்வாகமும் தொகுதி எம்.பி.யும் கையெழுத்துப் போட்டால் கேட்கும் விதமே வேறாக இருக்கும்.

சுங்கை பூலோ பக்கத்திலிருந்து எப்படி வருவது? கேஎல் சென்ட்ரல்வரை போய்ச் சுற்ற வேண்டுமா?
— சுங்கை பூலோ வாசகர்

வேண்டாம். எம்ஆர்டி நகர ரயிலின் புத்ராஜெயா தடத்தில் ஏறி கம்போங் பத்துவில் இறங்குங்கள். பக்கத்திலேயே கொமுட்டர் நிலையம், அங்கிருந்து பத்துமலை இரண்டாவது ஸ்டேஷன். 2022 ஜூனில் அந்த எம்ஆர்டியின் முதல் பகுதியைத் திறந்தபோது கம்போங் பத்துவோடுதான் நின்றது. 2023 மார்ச்சில் புத்ராஜெயாவரை நீட்டினார்கள், ஆகையால் செர்டாங், சுங்கை பெசி பக்கத்து ஆட்களுக்கும் இதே வழி உண்டு. ஒரே ஒரு விஷயம், எம்ஆர்டி சில நிமிடத்துக்கு ஒன்று வரும், கொமுட்டர் அப்படி வராது. கொமுட்டர் நேரத்தைப் பார்த்துக்கொண்டு வீட்டிலிருந்து கிளம்புங்கள்.

அந்தக் கொமுட்டர் ஏன் இப்படித் தாமதமாகிறது? பத்துமலையில்தானே கிளம்புகிறது, முதல் ஸ்டேஷனிலேயே எப்படித் தாமதமாகும்?
— தாமான் வாஹ்யூ வாசகர்

நல்ல கேள்வி. கடைசி ஸ்டேஷனில் வண்டி புதிதாகப் பிறந்து வருவதில்லை. பூலாவ் செபாங்கிலிருந்து இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓடி வந்த அதே வண்டிதான், பத்துமலையில் ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பிப் போகிறது. சிரம்பானுக்கு அந்தப் பக்கம் பத்து நிமிடம் தாமதமானால் அந்தப் பத்து நிமிடமும் கூடவே மலையடிவாரம்வரை வந்துவிடும். நடுவில் கேஎல் சென்ட்ரலிலிருந்து புத்ராவரை கிள்ளான் தடத்துக் கொமுட்டர், இடிஎஸ் என்ற தொலைதூர மின்சார ரயில், சரக்கு வண்டி எல்லாமே அதே தண்டவாளங்களைப் பங்கிட்டுக்கொள்கின்றன. யாராவது ஒருவர் நின்றால் பின்னால் வருகிற எல்லாரும் நிற்க வேண்டியதுதான். இதற்கு மேல், கிள்ளான் பள்ளத்தாக்கின் பழைய இரட்டைப் பாதையைச் சீர்படுத்தும் வேலை வருடக்கணக்கில் நடந்து வருகிறது. வேலை நடக்கும் இடத்தில் ஒரு பாதையை மூடி, மறு பாதையிலேயே இரண்டு பக்க வண்டிகளையும் மாற்றி மாற்றி விட்டாக வேண்டும்.

திரும்புகிற வேலை மட்டும் முன்னைவிடச் சுலபமாகிவிட்டது. அந்தக் காலத்தில் கடைசி ஸ்டேஷனுக்கு வந்த இன்ஜினைக் கழற்றி, பக்கத்துத் தண்டவாளத்தில் ஓட்டிக்கொண்டு போய் மறு முனையில் பூட்டினால்தான் வண்டி திரும்ப முடியும். ஆள் வேண்டும், இடம் வேண்டும், நேரமும் வேண்டும். இப்போது இரண்டு முனையிலும் ஓட்டுநர் அறை இருக்கிறது. ஓட்டுநர் பிளாட்பாரத்தில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தால் போதும். 2012-லிருந்து ஓடும் ஆறு பெட்டி வண்டிகள் சீனாவின் ஜூஜோ (Zhuzhou) நகரில் செய்தவை. அதற்கு முன் மூன்று பெட்டிதான், அந்த நெரிசலை அனுபவித்தவர்களுக்கு இப்போதைய வண்டியின் அருமை தெரியும்.

என் கருத்தைக் கேட்டால், பத்துமலைத் தடத்துக்கு முதலில் தேவை அடிக்கடி வண்டி. ஒன்றை விட்டால் அரை மணி நேரம், சில வேளை அதற்கும் மேல் காத்திருக்க வேண்டியிருந்தால், இரண்டு பிள்ளைகளை வைத்திருக்கிற அம்மா அடுத்த முறை கார் சாவியைத்தான் எடுப்பார்.

தைப்பூசத்துக்குக் காவடியை ரயிலில் கொண்டு வரலாமா? பால்குடம்?
— காஜாங் வாசகர்

பால்குடம் தாராளமாகக் கொண்டு வரலாம். வாயை வாழை இலையோ மஞ்சள் துணியோ போட்டு இறுக்கிக் கட்டி, மடியில் வைத்துக்கொண்டு வருகிறவர்களை அந்த இரண்டு நாளும் எல்லாப் பெட்டியிலும் பார்க்கலாம். ஆனால் பாலைக் கோயில் வளாகத்துக்கு வந்து ஊற்றிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். நெரிசலில் நிற்கும்போது ஒரு குலுக்கல் போதும், பக்கத்திலிருப்பவர் சேலையெல்லாம் பாலாகிவிடும்.

காவடி என்றால் பாகம் பாகமாகக் கழற்றி, மயிலிறகுகளைத் தனியாகச் சுற்றி எடுத்து வாருங்கள். சுங்கை பத்து ஆற்றங்கரையில் குளித்துவிட்டு அங்கேதானே எல்லாரும் பூட்டுகிறார்கள்.

இதைவிட முக்கியமான ஒன்றைத் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். பிளாட்பாரத்தில் தலைக்கு மேலே போகும் கம்பியில் 25,000 வோல்ட் மின்சாரம். வீட்டில் நாம் பயன்படுத்துவதுபோல் நூறு மடங்குக்கும் மேல். அந்தக் கம்பியைத் தொட வேண்டும் என்பதுகூட இல்லை, நீளமான ஒரு பொருள் பக்கத்தில் போனாலே மின்சாரம் தாவிப் பாயும். நேர்த்திக்கடனுக்குக் குழந்தையைக் கரும்புத் தொட்டிலில் போட்டுத் தூக்கி வரும் பெற்றோர்கள் முழுக் கரும்பையும் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு நிற்பதை நானே பார்த்து நடுங்கியிருக்கிறேன். பச்சைக் கரும்பு, உள்ளே முழுக்கச் சாறு, அதில் மின்சாரம் நன்றாகவே பாயும். கொடிக்கம்பு, நீள வேல், உலோகக் கம்பி, செல்பி எடுக்கும் குச்சி எல்லாவற்றுக்கும் இதே விதிதான். பிளாட்பாரத்தில் எதையும் படுக்கை வாட்டில் பிடியுங்கள், தலைக்கு மேல் தூக்காதீர்கள். கரும்பைக் கோயில் பக்கத்துக் கடைகளில் வாங்கிக்கொண்டால் இந்தத் தொல்லையே இல்லை.

மற்றபடி தைப்பூச நேரத்தில் கொமுட்டர் இரவு பகலாக ஓடும். சில வருடங்களில் அந்த நாட்களில் இலவசம் என்றும் அறிவித்திருக்கிறார்கள். அந்தந்த வருட அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நடுவில் இருக்கும் இளஞ்சிவப்புப் பெட்டியில் கணவன் மனைவியாக வந்தால் ஏறலாமா?
— பெயர் வேண்டாம் என்ற வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

ஏறக்கூடாது. 2010-லிருந்து அவை பெண்களுக்கு மட்டும். மனைவி கூட வந்தாலும் நீங்கள் அடுத்த பெட்டிதான். வேலை முடிந்து தனியாக வீடு திரும்பும் பெண்களுக்கு அந்தப் பெட்டி எவ்வளவு நிம்மதி என்று உங்கள் வீட்டுப் பெண்களிடமே கேட்டுப் பாருங்கள்.

முழங்கால் வலி, 272 படி ஏற முடியாது. ரயிலில் வந்து என்ன செய்யப் போகிறேன்?
— சிரம்பான் வாசகி, வயது 71

அம்மா, உங்களைப் போன்றவர்களுக்குத்தான் இந்த ஸ்டேஷன் மிகவும் பொருத்தம். காரில் வந்தால் எங்கேயோ நிறுத்திவிட்டு நடக்க வேண்டியிருக்கும். ரயிலில் வந்தால் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததுமே கோயில் வளாகம். கண் எதிரில் பச்சை நிறத்தில் 50 அடி ஆஞ்சநேயர் நிற்பார். அவரைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினால் பக்கத்திலேயே ராமாயணக் குகை. ராமர் கதை முழுக்கச் சிலைகளாக இருக்கும், நுழைய ஒரு சிறு கட்டணம் உண்டு. கும்பகர்ணன் படுத்திருக்கும் இடத்தில் பிள்ளைகள் நகரவே மாட்டார்கள். அப்புறம் கடைகள் வழியாக மெல்ல நடந்தால் கீழே உள்ள கோயில்கள், அதற்கு அப்பால் 140 அடி முருகன். 2006-ல் திறந்த அந்தச் சிலையைக் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக் கும்பிட்டாலே போதும் என்று சொல்லும் பெரியவர்கள் நிறையப் பேர்.

வெயிலுக்கு முன் வாருங்கள். சிரம்பானில் காலை வண்டியைப் பிடித்தால் இடையில் மாறவே வேண்டாம், உங்களுக்கு மூத்த குடிமக்கள் கட்டணச் சலுகையும் உண்டு, அடையாள அட்டையை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது ஸ்டேஷனுக்கு வந்து வண்டி நேரத்தைக் கேட்டுவிட்டு அதற்குப் பிறகு தோசைக் கடைக்குப் போங்கள், வெறும் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து காத்திருக்க வேண்டாம்.

பினாங்கிலிருந்து ரயிலிலேயே வர முடியுமா? எங்கள் பட்டர்வொர்த்தும் கடைசி ஸ்டேஷன்தானே, அதைப் பற்றியும் எழுதலாமே.
— பட்டர்வொர்த் வாசகர்

வர முடியும். பட்டர்வொர்த்தில் இடிஎஸ் ஏறினால் நான்கு மணி நேரத்துக்குச் சற்று முன்பின்னாகக் கேஎல் சென்ட்ரல், அங்கே கொமுட்டர் மாறினால் இன்னும் அரை மணி நேரம். இடிஎஸ் பத்துமலைப் பக்கம் திரும்பாது, நேராக நகரத்துக்குள் போய்விடும். தைப்பூச வாரத்துக்கு டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும், விற்பனை திறந்த உடனே எடுங்கள். தண்ணீர்மலை முருகனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு இங்கே வருகிறீர்கள் என்றால் உங்கள் ஆர்வத்துக்கு ஒரு கும்பிடு.

பட்டர்வொர்த் கதை பெரிது. தீவுக்கு ஃபெர்ரி, தரையில் ரயில், இரண்டும் சந்திக்கிற துறை அது. தமிழ்நாட்டிலிருந்து கப்பலில் வந்து பினாங்கில் இறங்கிய நம் முன்னோர்களில் எத்தனையோ பேர் நீரிணையைத் தாண்டி, அந்தக் காலத்துக் கடைசி ஸ்டேஷனான பக்கத்துப் பிறையிலிருந்துதான் ரயிலேறித் தோட்டங்களுக்குப் போனார்கள். 2015-ல் பாடாங் பெசார்வரை வடக்குக் கொமுட்டர் ஓட ஆரம்பித்ததும் பட்டர்வொர்த் புறநகர் ரயிலுக்கும் கடைசி ஸ்டேஷனாகிவிட்டது. அதற்குத் தனியாக ஓர் இதழே வேண்டும். பட்டர்வொர்த், பிறை வாசகர்கள் வீட்டில் இருக்கும் பழைய டிக்கெட்டுகள், படங்கள், பெரியவர்கள் சொன்ன விஷயங்கள் எல்லாவற்றையும் அனுப்புங்கள், அதை வைத்தே எழுதுகிறேன்.

தைப்பூசம் இல்லாத நாளில் பத்துமலை ரயிலில் ஏறுகிறவர்கள் யார்? காலியாகத்தான் ஓடுகிறதாமே?
— அம்பாங் வாசகர்

காலி என்று சொல்ல முடியாது. காலையில் தாமான் வாஹ்யூ, கம்போங் பத்து பக்கத்திலிருந்து நகரத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள் ஏறுகிறார்கள். பகலில் வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகள்தான் அதிகம், கேஎல் சென்ட்ரலில் வரைபடத்தைப் பார்த்துவிட்டு நேராக இந்த வண்டிக்கு வந்துவிடுவார்கள். மொட்டை போட்ட குழந்தையின் தலையில் சந்தனம் காயாமல், அம்மா தோளில் தூங்கிக்கொண்டு திரும்புவதையும் பார்க்கலாம். ஆனால் நம் ஆட்கள் பெரும்பாலும் வருடத்துக்கு இரண்டு நாள்தான் இந்த ரயிலை நினைக்கிறோம், மற்ற நாளெல்லாம் கார். பயணிகள் எண்ணிக்கையை வைத்துத்தான் எங்கே அடிக்கடி வண்டி விடுவது என்று முடிவு செய்கிறார்கள். நேர் வண்டி வேண்டும், அடிக்கடி வண்டி வேண்டும் என்று கேட்கிற நாம், வெள்ளிக்கிழமை சாயங்காலப் பூசைக்கும் ஞாயிற்றுக்கிழமைக் காதுகுத்துக்கும் அந்த வண்டியில் ஏறினால்தான் நம் பேச்சுக்குப் பலம் வரும்.

டிக்கெட்டுக்கு வரிசையில் நிற்காமல் இருக்க வழி உண்டா?
— ஜிஞ்சாங் வாசகர்

டச் அண்ட் கோ அட்டையில் பணம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள், நுழையும்போதும் வெளியேறும்போதும் தட்டினால் போதும். குடும்பத்தில் ஆளுக்கு ஓர் அட்டை வேண்டும், ஒரே அட்டையை நான்கு பேருக்குத் தட்ட முடியாது. திரும்புவதற்கும் அதில் பணம் மிச்சம் இருக்கிறதா என்று கிளம்பும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். தைப்பூசத்தன்று பணம் போடுகிற வரிசை டிக்கெட் வரிசையைவிட நீளம்.